அஜித் செய்திகளின் பின்கதை

அஜித் ரசிகர்களுக்கு 2025 மூச்சுவிட நேரம் தராத ஆண்டு. ஜனவரி 12 அன்று துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. இரண்டு வாரத்துக்குள் பத்மபூஷண் அறிவிப்பு. பிப்ரவரி 6இல் 'விடாமுயற்சி', ஏப்ரல் 10இல் 'குட் பேட் அக்லி'. ஏப்ரல் 28 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் விருது. நடுநடுவே போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, பெல்ஜியம் என்று பந்தயங்கள், நம் வயிற்றைக் கலக்கிய விபத்துகள். செப்டம்பரில் பாடல் உரிமை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. முந்தைய ஆண்டு முழுக்க அவர் நடித்த ஒரு படம்கூடத் திரைக்கு வரவில்லை என்பதை நினைத்தால், இத்தனையும் ஒரே வருடத்தில் வந்து கொட்டியது இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

தலைப்பை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துண்டுச் செய்திகள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு நடிகர் தன் நேரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளாக எடுத்துவரும் முடிவுகள் அவை. படம் வராத வருடங்கள், பேட்டி தராத பழக்கம், ரேஸ் கார், பட்டப்பெயர் வேண்டாம் என்ற அறிக்கை எல்லாமே அங்கேதான் போய்ச் சேருகின்றன.

தொடக்கம் 2010. அந்த ஆண்டு பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதிக்குத் திரையுலகம் பாராட்டு விழா எடுத்தது. முதல்வர் அமர்ந்திருந்த அதே மேடையில், இதுபோன்ற விழாக்களுக்கு வரச்சொல்லி நடிகர்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று அஜித் பேசினார். ரஜினிகாந்த் எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதற்குப் பிறகு வந்த சலசலப்பையும் பார்த்தது.

அடுத்த ஆண்டு, 2011 ஏப்ரல் 29, இன்னும் பெரிய முடிவு. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 13இல் முடிந்திருந்தது. எண்ணிக்கை மே 13இல். இரண்டுக்கும் நடுவே, தன் நாற்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, ரசிகர் மன்றங்கள் அனைத்தையும் கலைப்பதாக அஜித் அறிவித்தார். மன்றத்தின் பெயர் அரசியலுக்குப் பயன்படுவதில் தனக்கு உடன்பாடில்லை என்பது அதன் சாரம்.

இதன் கனத்தைப் புரிந்துகொள்ள மன்றம் என்றால் என்ன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ரசிகர் மன்றம் என்பது முதல் நாள் டிக்கெட், கட்-அவுட், பாலாபிஷேகம் ஆகியவற்றோடு முடிகிற விஷயம் கிடையாது. மாவட்டத் தலைவர், நகரச் செயலாளர், கிளைப் பொறுப்பாளர் என்று அது ஒரு கட்சியின் எலும்புக்கூட்டைப் போலவே இருக்கும். 1972இல் அதிமுக பிறந்தபோது எம்ஜிஆர் மன்றங்கள்தான் அதற்குக் கைகால்களாக இருந்தன. ரஜினி மன்றங்கள் பல ஆண்டுகள் காத்திருந்தன. 2017 டிசம்பர் 31இல் அரசியலுக்கு வருவதாகச் சொன்ன அவர், 2020 டிசம்பர் இறுதியில் வரவில்லை என்று அறிவித்தார். விஜய்யின் மன்றங்கள் மக்கள் இயக்கமாகி, 2024 பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகமாகவே ஆகிவிட்டன. இந்தப் பாதைகளில் எது சரி என்று சொல்வது என் நோக்கமில்லை. அஜித் அந்தப் பாதையின் வாசலையே அடைத்துவிட்டார் என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். அதுவும், மன்றங்கள்தான் ஒரு நடிகரின் பலம் என்று எல்லோரும் நம்பிய காலத்தில். அதே ஆண்டு ஆகஸ்ட் 31இல் அவருடைய 50ஆவது படமான 'மங்காத்தா' வெளியானது. மன்றம் இல்லாமலே திருவிழா நடந்தது.

2019 ஜனவரியில் இதற்கு ஒரு சோதனை வந்தது. திருப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அஜித் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்ட சிலர் பாஜகவில் சேர்ந்தார்கள். உடனே அவரிடமிருந்து அறிக்கை வந்தது. தனக்கு எந்த அரசியல் ஆர்வமும் இல்லை, வரிசையில் நின்று வாக்களிப்பதே தன்னுடைய அதிகபட்ச அரசியல் என்று அதில் சொல்லியிருந்தார். இன்றுவரை எந்தக் கட்சி மேடையிலும் அவர் ஏறியதில்லை.

சரி, மன்றம் போனது. ஆனால் செய்திக்கான பசி எங்கே போகும்? அஜித் சமூக ஊடகங்களில் இல்லை. பட விளம்பரத்துக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை. இசை வெளியீட்டு விழா மேடைகளிலும் பார்க்க முடியாது. மன்றம் இருந்தவரை மாவட்டத் தலைவர் மூலமாகவாவது ஏதோ ஒன்று காதுக்கு வரும். அதுவும் நின்ற பிறகு, மேலாளர் சுரேஷ் சந்திரா பகிரும் அறிக்கையும் தயாரிப்பு நிறுவனத்தின் அறிவிப்பும்தான் அதிகாரபூர்வமான வழிகள். ரேஸ் அணி தொடங்கிய பிறகு அந்த அணியின் பக்கங்களும் சேர்ந்துகொண்டன. ஆகவே ஒரு 'செய்தி' இந்த மூன்றில் எதிலும் இல்லையென்றால் அது யாரோ ஒருவரின் ஆசை அல்லது ஊகம். 'நெருங்கிய வட்டாரம் தெரிவித்தது' என்று ஆரம்பிக்கும் எதையும் நான் மற்றவர்களுக்கு அனுப்புவதில்லை. அஜித் விஷயத்தில் இந்தக் கட்டுப்பாடு மற்ற நடிகர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. காரணம், அவர் வதந்திகளை மறுப்பதும் அபூர்வம்.

'வலிமை' படத்தைப் பற்றித் தகவல் கேட்கும் 'வலிமை அப்டேட்' முழக்கம் இந்த வெற்றிடத்தில் பிறந்ததுதான். 2019 அக்டோபரில் படத்துக்குப் பூஜை போட்டார்கள். 2020இல் கொரோனா வந்தது. மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா-இங்கிலாந்து டெஸ்ட் நடந்தபோது, எல்லைக்கோட்டருகே ஃபீல்டிங் செய்துகொண்டிருந்த இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் நம் ஆட்கள் வலிமை அப்டேட் கேட்டார்கள். அரசியல் கூட்டங்களிலும் அந்தக் கேள்வி எழுந்தது. அந்த மாதமே, ரசிகர்கள் பொது இடங்களில் நடந்துகொள்ளும் விதம் வருத்தமளிக்கிறது, பொறுமை காக்க வேண்டும் என்று அவர் அறிக்கை விட்டார். முதல் பார்வை 2021 ஜூலையில் வந்தது. 2022 பொங்கலுக்கு வர இருந்த படம் ஒமைக்ரான் பரவலால் தள்ளிப்போய் பிப்ரவரி 24இல் வெளியானது. பூஜைக்கும் திரைக்கும் நடுவே இரண்டே கால் ஆண்டுகளுக்கும் மேல். அந்த அப்டேட் முழக்கத்தில் நிறைய அன்பு இருந்தது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொரு நாட்டு விளையாட்டு வீரரைத் தொந்தரவு செய்கிற அளவுக்குப் போனபோது அவர் வருத்தப்பட்டது நியாயம்.

இன்னொரு விஷயத்தையும் ரசிகர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். 1999இல் மட்டும் அவருக்கு ஆறு படங்கள் வந்தன. 'வாலி', 'அமர்க்களம்' இரண்டும் அந்த ஆண்டில்தான். அந்த வேகம் எப்போதோ முடிந்துவிட்டது. 2016, 2018, 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் அவர் படமே இல்லை. 2015, 2019, 2025 ஆகிய ஆண்டுகளில் இரண்டிரண்டு. இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பதற்றம் பாதி குறைந்துவிடும். வெற்று ஆண்டு என்பது அஜித்தின் கணக்கில் விதிவிலக்கே கிடையாது.

பட்டப்பெயர் விஷயமும் இதே வரிசையில் வருகிறது. 'தல' என்ற பெயர் 2001இல் வந்த 'தீனா'விலிருந்து ஒட்டிக்கொண்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 1 அன்று, தன்னை அஜித் என்றோ அஜித் குமார் என்றோ ஏகே என்றோ அழைத்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், கூட்டம் கூடும் இடங்களிலெல்லாம் 'கடவுளே அஜித்தே' என்ற கோஷம் கிளம்பியபோது அதையும் நிறுத்தச் சொன்னார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கமல்ஹாசன், தன்னை உலகநாயகன் என்று அழைக்க வேண்டாம் என்று அறிவித்திருந்தார். நான் உட்பட நம்மில் பலருக்கு 'தல' என்று சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். இருந்தாலும் ஒருவர் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகு, அதைச் செய்வது மரியாதை. கோஷத்தை நிறுத்தச் சொன்ன அறிக்கையை அதே கோஷத்தோடு பகிர்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

இனி ரேஸ். இதில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில், இது புதுப் பொழுதுபோக்கு கிடையாது. நடிக்க வருவதற்கு முன்பே அவர் பைக் மெக்கானிக் வேலை கற்றவர். தமிழ்நாட்டுக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் நீண்ட உறவு உண்டு. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களமே வந்தது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். அந்த மண்ணிலிருந்து வந்த அஜித் 2002இல் ஃபார்முலா மாருதி, 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2004இல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ என்று படிப்படியாக ஏறினார். அப்புறம் படங்கள், முதுகில் அறுவைசிகிச்சைகள், இடைவெளி. 2010இல் ஃபார்முலா டூவில் சில சுற்றுகள் ஓட்டினார். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 2024 செப்டம்பரில் 'அஜித் குமார் ரேஸிங்' என்ற சொந்த அணியை அறிவித்தபோது அவருக்கு வயது 53.

ஃபார்முலா கார்கள் ஒற்றை இருக்கை கொண்டவை. சக்கரங்கள் வெளியே தெரியும். இப்போது அவர் ஓட்டுவது அவையல்ல. சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களின் பந்தய வடிவமான ஜிடி கார்கள். அதிலும் இரண்டு வகைப் போட்டிகளில் பங்கெடுக்கிறார். ஒன்று, அரை மணி நேரம் சொச்சம் நடக்கும் வேகப் பந்தயங்கள். 2025 பிப்ரவரியில் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் ஓட்டிய போர்ஷே ஸ்பிரிண்ட் சேலஞ்ச் அந்த வகை. இன்னொன்று, 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று நீளும் தாங்குதிறன் பந்தயங்கள். துபாய், முகெல்லோ, ஸ்பா மூன்றும் இந்த வகை.

தாங்குதிறன் பந்தயத்தில் ஒரு காரை மூன்று நான்கு பேர் முறைவைத்து ஓட்டுவார்கள். ஒருவர் இறங்க, அடுத்தவர் ஏற, கார் மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். டயர் மாற்றுவது, பெட்ரோல் நிரப்புவது, ஓட்டுநர் மாறுவது என்று களத்துக்கு வெளியே கழியும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். ஆகவே வெற்றி என்பது மெக்கானிக்குகளையும் சேர்த்து ஒரு குழுவின் வெற்றி. அதோடு, ஒரே களத்தில் வெவ்வேறு வேகமுள்ள கார்கள் ஒன்றாக ஓடும்; அதிவேக ஜிடி3 ஒரு பிரிவு, போர்ஷே 992 ஒரு பிரிவு, அதற்கு முந்தைய தலைமுறைக் காரான 991 ஒரு பிரிவு, ஜிடி4 ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக முதல் மூன்று இடங்கள் உண்டு. துபாயில் அஜித்தின் அணி வாங்கியது 991 பிரிவில் மூன்றாம் இடம். 'உலகப் பந்தயத்தில் மூன்றாமிடம்' என்று அன்று பரவிய தலைப்புகள் தவறு. சரியாகச் சொன்னாலே அது பெரிய சாதனைதான். புதிதாகத் தொடங்கிய அணி, முதல் 24 மணி நேரப் பந்தயம், முழுதாக ஓடி முடித்து மேடை ஏறியிருக்கிறது. இதை ஊதிப் பெரிதாக்க வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது?

அந்தப் பந்தயத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. என்னைப் பொறுத்தவரை அதுதான் கோப்பையைவிடப் பெரிது. சில நாட்களுக்கு முன் பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமில்லாமல் இறங்கினார். அதற்குப் பிறகு தன் அணியின் காரை ஓட்டும் பொறுப்பை மற்ற ஓட்டுநர்களிடம் விட்டுவிட்டு, அவர் ஜிடி4 பிரிவில் வேறொரு அணியின் காரில் ஓட்டினார். அணி முழுதாக ஓடி முடிக்க வேண்டும் என்பதற்காக உரிமையாளரே ஒதுங்கி நின்றார். படத்தில் ஹீரோவாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது. தேசியக் கொடியோடு அவர் துள்ளிக் குதித்த வீடியோவைப் பார்த்தபோது, அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்தப் பட விழாவிலும் பார்த்ததில்லை என்று பல ரசிகர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்ச்சில் இத்தாலியின் முகெல்லோவில் தன் பிரிவில் மூன்றாம் இடம், ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் இரண்டாம் இடம். அதற்கு முன் பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் இன்னொரு காரோடு உரசி அவர் கார் உருண்டது. அந்தக் காட்சி வந்த அன்று பலருக்குத் தூக்கம் போயிருக்கும். பந்தயக் காரில் ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கும். ஆறு முனைப் பட்டை உடலைக் கட்டிப்போட்டிருக்கும். கழுத்தைப் பாதுகாக்கத் தனிக் கருவி உண்டு. அந்த ஏற்பாடுகளால்தான் கார் உருண்ட பிறகும் அவரால் இறங்கி நடக்க முடிந்தது. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்தை அறிந்தவர்கள் அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நம் பயத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும்.

இந்த ரேஸ்தான் இனி பட அறிவிப்புகளையும் தீர்மானிக்கும். பந்தயப் பருவம் முடிந்த பிறகு, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் படங்களில் நடிப்பேன் என்று துபாய் பந்தயத்துக்கு முன் அவரே சொன்னார். 2025இல் இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்ததால் அவர் மறுபடியும் வேகமெடுத்துவிட்டார் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது தேங்கிய வேலை கரை சேர்ந்த ஆண்டு.

'விடாமுயற்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் அஜித்தின் 62ஆவது படம் விக்னேஷ் சிவன் இயக்கத்தில் என்று தயாரிப்பு நிறுவனமான லைகா அறிவித்தது. 2023 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டு, மகிழ் திருமேனி வந்தார். அந்த ஆண்டு மார்ச்சில் அஜித்தின் தந்தை காலமானார். மே 1 பிறந்தநாளன்று தலைப்பு வந்தது. அக்டோபரில் அஜர்பைஜானில் படப்பிடிப்பு தொடங்கியது. சில நாட்களிலேயே கலை இயக்குநர் மிலன் அங்கே மாரடைப்பால் இறந்தார். கார் சண்டைக் காட்சியில் அஜித்தும் சக நடிகர் ஆரவும் இருந்த வண்டி கவிழ்ந்தது. அந்தக் காணொளியை 2024 ஏப்ரலில் தயாரிப்பு நிறுவனமே வெளியிட்டது. 2025 பொங்கல் என்று அறிவித்து, புத்தாண்டுக்கு முந்தைய இரவு அதுவும் தள்ளிப்போனது. இவ்வளவும் நடந்த பிறகு வந்த படம் அது. படம் மெதுவாகப் போகிறது என்ற குறை நியாயமானதுதான். ஆனால் மனைவியைத் தேடி அலையும், அடிவாங்கும், பயப்படும் ஒரு சாதாரண மனிதனாக நடிக்க அவர் ஒத்துக்கொண்டார் என்பதை எனக்கு மறக்க முடியவில்லை. கைதட்டல் வசனமே இல்லாத நாயகன் வேடத்தை அந்த இடத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரம் எடுத்துச் செய்வது அபூர்வம்.

அதற்கு நேர்மாறாக 'குட் பேட் அக்லி' முழுக்க ரசிகனுக்காகவே செய்யப்பட்டது. இயக்கிய ஆதிக் ரவிச்சந்திரன் அஜித்தின் தீவிர ரசிகர். 'நேர்கொண்ட பார்வை'யில் அவரோடு நடித்தவர். பழைய படங்களின் வசனம், உடை, நடை என்று காட்சிக்குக் காட்சி நினைவூட்டல்கள். அந்த நினைவூட்டல்களுக்குப் பழைய பாடல்களும் தேவைப்பட்டன. வழக்கு அங்கேதான் பிறந்தது.

'நாட்டுப்புறப் பாட்டு' படத்தின் 'ஒத்த ரூபாயும் தாரேன்', 'சகலகலா வல்லவ'னின் 'இளமை இதோ இதோ', 'விக்ரம்' படத்தின் 'என் ஜோடி மஞ்சக் குருவி' ஆகிய மூன்றும் இளையராஜா இசையமைத்தவை. தன் அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாகச் சொல்லி, 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு, படம் வந்த சில நாட்களில் அவர் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் முறையாக அனுமதி வாங்கியிருக்கிறோம் என்பது தயாரிப்புத் தரப்பான மைத்ரி மூவி மேக்கர்ஸின் பதில். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நெட்ஃப்ளிக்ஸிலிருந்து படம் இறங்கியது. பிறகு அந்தப் பாடல்கள் இல்லாத வடிவில் திரும்பி வந்தது.

ரசிகர்கள் இதை அஜித்துக்கும் இளையராஜாவுக்குமான சண்டையாக்கிப் பேசியது சரியில்லை. நடிகருக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. இதன் வேர் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் அடங்கியிருக்கின்றன: மெட்டு இசையமைப்பாளர் படைத்தது, வரிகள் பாடலாசிரியர் படைத்தது, ஒலிப்பதிவோ அதற்குப் பணம் போட்டவருடையது. படத் தயாரிப்பாளர் ஒலிப்பதிவு உரிமையை இசை நிறுவனத்துக்கு விற்றிருப்பார். அந்த விற்பனையில் மெட்டும் சேர்ந்து போனதா என்பதுதான் பல வழக்குகளில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. 1980களின் ஒப்பந்தங்கள் ஓடிடி, ரிங்டோன் போன்றவற்றைக் கனவில்கூட நினைக்காதவை. 2012இல் வந்த சட்டத்திருத்தம் இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்தது. அதற்கும் மேலாக, படைத்தவரின் பெயரையும் படைப்பின் மதிப்பையும் காக்கும் தனி உரிமை 57ஆவது பிரிவில் இருக்கிறது. பாட்டை விற்ற பிறகும் அது படைத்தவரிடமே இருக்கும். இளையராஜா கேட்பதில் இந்தப் பக்கமும் உண்டு. என் கருத்து இதுதான்: அஜித்தின் நடைக்கு அந்தப் பாடல்கள் அவ்வளவு அழகாகப் பொருந்தின என்றால், அவற்றைப் படைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வசூல் பற்றியும் சொல்லவேண்டும். படம் வந்த மறுநாளே கோடிகளில் எண்கள் பறக்கும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு திரையரங்கின் டிக்கெட் விற்பனையையும் தொகுத்துப் பொதுமக்களுக்குத் தரும் அமைப்பு எதுவும் இல்லை. தயாரிப்பாளர் போஸ்டரில் போடுவது ஓர் எண், வர்த்தகப் பார்வையாளர்கள் மதிப்பிடுவது இன்னோர் எண். பெரும்பாலும் போஸ்டரில் வருவது கிராஸ், அதாவது டிக்கெட்டுக்கு மக்கள் கொடுத்த மொத்தப் பணம். மல்டிபிளெக்ஸில் அடிப்படைக் கட்டணம் 150 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 177 ஆகும். அதன் மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. வரியைக் கழித்தால் நெட். அதில் திரையரங்கின் பங்கைக் கழித்தால் விநியோகஸ்தர் கைக்கு வரும் ஷேர். முதல் வாரம் விநியோகஸ்தருக்கு அதிக விகிதம், வாரம் போகப்போகக் குறையும். ஆக, 100 கோடி கிராஸ் என்றால் ஷேர் அதில் பாதியை ஒட்டியோ அதற்கும் கீழோ நிற்கும். விநியோகஸ்தர் அந்தப் படத்தை என்ன விலைக்கு வாங்கினார் என்பதோடு ஒப்பிட்டால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும். அந்த விலையை யாரும் வெளியே சொல்வதில்லை. எண்களை வைத்து மற்ற ரசிகர்களோடு இரவெல்லாம் சண்டை போடும் தம்பிகள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காலை 9 மணிக்கு முன் ஏன் காட்சி இல்லை என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்கிறார்கள். 2023 ஜனவரி 11 அன்று 'துணிவு' நள்ளிரவு 1 மணிக்கும் விஜய்யின் 'வாரிசு' விடிகாலை 4 மணிக்கும் திரையிடப்பட்டன. அந்த இரவு சென்னை கோயம்பேட்டில், மெதுவாக ஊர்ந்துபோன லாரியில் ஏறி ஆடிய அஜித் ரசிகர் ஒருவர் கீழே குதித்தபோது அடிபட்டு இறந்தார். இருபது வயதுகூட ஆகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 'லியோ'வுக்கு அனுமதி தந்தபோது முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்று தமிழ்நாடு அரசு உறுதியாகச் சொன்னது. அதுவே இப்போது வழக்கமாகிவிட்டது. 2025 ஏப்ரலில் திருநெல்வேலியில் 'குட் பேட் அக்லி'க்காக எழுப்பிய பிரம்மாண்டமான கட்-அவுட் சரிந்து விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேரளாவிலும் கர்நாடகாவிலும் விடிகாலைக் காட்சி ஓடுவதைப் பார்த்து ஏங்கும் மனசு எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பையனின் வீட்டில் இருப்பவர்களை நினைத்தால் 9 மணி எனக்குப் போதும்.

பத்மபூஷணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே பட்டியலில் நந்தமூரி பாலகிருஷ்ணா, ஷோபனா, அனந்த் நாக், சேகர் கபூர் ஆகியோரும் இருந்தார்கள். நன்றி அறிக்கையில் அவர் திரையுலகத்தோடு மோட்டார் பந்தய நண்பர்களையும் துப்பாக்கி சுடும் நண்பர்களையும் குறிப்பிட்டார். இதைப் பார்க்க அப்பா இல்லையே என்றும் எழுதியிருந்தார்.

அடுத்த படமும் ஆதிக் ரவிச்சந்திரனோடுதான். தலைப்பு எப்போது, படப்பிடிப்பு எப்போது என்று கேட்பவர்கள் முதலில் பந்தய அட்டவணையைப் பார்க்க வேண்டும். கோடையில் அவர் ஐரோப்பாவில் ஏதோ ஒரு களத்தில் இருப்பார். அந்த மாதங்களில் படப்பிடிப்புச் செய்தி என்று எது வந்தாலும் மேலாளரின் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பகிருங்கள். தலைப்பு மட்டும் மே 1இல் வர வாய்ப்புண்டு. 'விடாமுயற்சி' அப்படித்தான் வந்தது.